மண்புழுவை விலைக்கு வாங்கித் தோட்டத்தில் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கினால் போதும், "வீட்டுத் தோட்டத்துக்கு அரைக் கிலோ மண்புழு வாங்கி விடுங்கள், மண் தானாக வளமாகிவிடும்" என்ற யோசனை எல்லாப் பக்கமும் கிளம்பிவிடுகிறது. தங்கள் நாளிதழின் இணைப்பிலும் அண்மையில் அப்படியொரு குறிப்பு வந்தது. வடசென்னையில் வீட்டைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தில் காய்கறி போடும் சிலர் சேர்ந்து எழுதும் மறுப்பு இது. வாங்கி விடும் புழுவில் பெரும்பங்கு வீணாகச் செத்துப்போகிறது. காசு போவதோடு, புழு ஏன் இல்லை என்ற கேள்வியும் மறைந்துபோகிறது.

முதலில் எந்தப் புழு என்று பார்க்க வேண்டும். பையில் போட்டு விற்பவை பெரும்பாலும் யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழுவும் ஐசீனியா ஃபெட்டிடா என்ற சிவப்புப் புழுவும். இரண்டும் சாணக் குவியலிலும் மக்கும் குப்பையிலும் வாழ்பவை. உரத் தொட்டிக்கு அவற்றை அடித்துக்கொள்ள வேறு புழு இல்லை. ஆனால் நம் கத்தரிப் பாத்தியில் விட்டால் தின்ன எதுவும் இருக்காது. ஒரு வாரத்தில் சிலது வேறு இடம் தேடிப் போகும், மற்றவை எறும்புக்கு இரையாகும். மண்ணுக்குள்ளேயே வளை தோண்டி வாழும் நம்மூர்ப் புழு வேறு. லாம்பிட்டோ மாரிட்டி என்று பெயர். தமிழ்நாட்டின் வயல், தோட்டம் எங்கும் இருப்பது. இலைச் சருகுக்கு அடியில் வாழும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற இன்னொன்றும் உள்ளூர்க்காரர்தான். சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாக இந்த உள்ளூர்ப் புழுக்களைப் பற்றித்தான் பேசி வருகிறார். இவற்றை யாரும் வாங்க வேண்டியதில்லை. மக்கிய சாணத்தோடும், நாற்றோடு வரும் மண்ணோடும் முட்டைக்கூடுகள் வந்து சேர்ந்துவிடும். பக்கத்து மனையிலிருந்து மழை நாளில் தாமாகவே ஊர்ந்தும் வரும். வந்தவை தங்குவதற்கு மண் இடம் கொடுக்கிறதா என்பதே விஷயம்.

புழு இருக்கிறதா இல்லையா என்று மே மாதத்தில் தோண்டிப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. கோடையில் அவை ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பாருங்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி ஒரு சாக்கின் மேல் கொட்டி, கட்டிகளைக் கையால் உடைத்து எண்ண வேண்டும். காலை வேளை நல்லது. பத்து புழுவுக்கு மேல் இருந்தால் மண் நன்றாக இருக்கிறது. நாலைந்து என்றால் தேறிவருகிறது. ஒன்றுமே இல்லையென்றால் கீழே சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்கும். வெட்ட மனமில்லாதவர்கள் 40 கிராம் கடுகுப் பொடியை நாலு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு சதுர அடி இடத்தில் இரண்டு தவணையாக ஊற்றலாம். கடுகின் காரம் தோலில் பட்டதும் புழுக்கள் மேலே வரும். முழு உடலும் வெளியே வரும்வரை பொறுங்கள், பாதியில் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். எண்ணி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரமான வேறு இடத்தில் விட்டுவிட வேண்டும்.

புழு போட்ட எச்சத்தையும் கிட்டத்தில் பார்க்கலாம். மழை விட்ட காலையில் பாத்தி ஓரத்தில், இடியாப்பத்தைப் பிழிந்து குவித்தது போல விரல்நுனி அளவில் சின்னக் குவியல்கள் தெரியும். அதில் ஒன்றைக் காயவைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு டம்ளரில், மிதிபட்டு இறுகிய நடைபாதை மண்ணிலிருந்து அதே அளவுக் கட்டி ஒன்று. நடைபாதைக் கட்டி சில நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும். புழு எச்சம் வெகுநேரம் உருக்குலையாமல் கிடக்கும். புழுவின் குடலில் மண்ணும் மக்கும் பொருளும் கோழையோடு சேர்ந்து பிசைபட்டு வருவதால் வந்த பிடிப்பு அது. இந்தப் பிடிப்புள்ள மண்தான் டிசம்பர் மழையில் சேறாகாமல், ஜனவரியில் பாளம் பாளமாக வெடிக்காமல் இருக்கும்.

இனி, வடசென்னையில் புழு தங்காததற்கான காரணங்கள். எங்கள் அனுபவத்தில் முதல் எதிரி உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியது ஊரறிந்த கதை. திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூரில் போர் போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகவே சுவாசிக்கிறது. மண்ணில் உப்பு ஏறினால் அந்தத் தோலிலிருந்து தண்ணீரை உப்பு இழுத்துவிடும். இதை இன்னும் மோசமாக்குவது, குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீர். "வீணாகப் போகிறதே, செடிக்கு ஊற்றலாம்" என்று நல்லெண்ணத்தில் செய்கிறோம். மூன்று குடம் தண்ணீர் உள்ளே போய் ஒரு குடம் குடிநீராக வந்தால், மீதி இரண்டு குடத்தில் உப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். 1,200 டி.டி.எஸ். (லிட்டர் தண்ணீரில் கரைந்துள்ள உப்பு, மில்லிகிராம் கணக்கில்) உள்ள போர் தண்ணீர் கிட்டத்தட்ட 1,800 ஆகி வெளியே வருகிறது. அதைக் குளியலறை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக்கு வேண்டாம்.

தண்ணீர் பார்க்கும் டி.டி.எஸ். பேனா வைத்திருப்பவர்கள் மண்ணையும் பார்த்துவிடலாம். காய்ந்த மண் ஒரு பங்கு, பிடித்துவைத்த மழைநீர் ஐந்து பங்கு. ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரில் பேனாவை வையுங்கள். மழைநீரின் சொந்த அளவைக் கழித்துவிட்டு 250-க்கு மேல் வந்தால் பீன்ஸ் எல்லாம் வராது, புழுவும் தங்காது. கடற்கரை மணலாக இருந்தால் இந்த அளவே இன்னும் மோசமான சேதி. பரிகாரம் மழைதான். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய குழாய்களில் பாதி வீடுகளில் இன்று தூசிதான் ஓடுகிறது. அவற்றைச் சுத்தம் செய்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாலு டிரம் பிடித்துவைத்தால், கோடையில் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீர் கொடுக்க முடியும். மழை பெய்யும்போது பாத்தியில் வரப்பு கட்டி நீரை நிறுத்தி இறங்கவிட்டால் உப்பு கீழே போகும். மண்ணின் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, களிமண் கல்லாக இறுகியிருந்தால் மட்டும், மழைக்கு முன் சதுர மீட்டருக்கு 250 கிராம் ஜிப்சம் தூவிக் கிளறலாம். எல்லாருக்கும் ஜிப்சம் தேவையில்லை. உரக்கடைக்காரர் கொடுத்தார் என்று போட வேண்டாம்.

உப்பு வேறு வழிகளிலும் வரும். தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே கலப்பது ஒன்று. மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, கடைசியாகப் பிழிந்த நீரின் டி.டி.எஸ்., ஊற்றிய நீரின் அளவுக்கு இறங்கிய பிறகே மண்ணில் சேர்க்க வேண்டும். அடுத்தது காசிமேட்டு மீன்கழிவு. கருவாட்டுக் கழிவைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள். பச்சை மீன் குடலைப் பாத்தியில் புதைத்தாலும், அழுகும்போது கிளம்பும் அமோனியாவில் சுற்றுவட்டப் புழு காலியாகும், இரவில் பெருச்சாளி வந்து செடியையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். உப்பு போக அலசிய மீன்கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து, மூடிய டப்பாவில் ஒரு மாதம் புளிக்கவைத்து, லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வீதம் வேரில் ஊற்றினால் பிரச்சினை இல்லை. மூன்றாவது, நத்தை. மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் படையெடுத்தால் பலரும் கல் உப்பை வாரி இறைக்கிறார்கள். நத்தை பத்து சாகும், அந்த இடத்து மண்ணும் சேர்ந்து சாகும். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சும் வாளியும் எடுத்துக்கொண்டு, கையுறை போட்டுப் பொறுக்குவதே வழி.

உப்புக்கு அடுத்தபடி கட்டட இடிபாடு. தாழ்வான மனைகளை ரப்பிஷ் கொட்டி மேடாக்குவது நம் பகுதியில் வாடிக்கை. மேலே அரையடிச் செம்மண்ணைப் பரப்பியதும் நிலம் அழகாகத் தெரியும். தோண்டினால் சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, வயர். ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம். அந்த மண்ணைத் திருத்துவதைவிட, மேலே ஓரடி உயரத்துக்குப் பாத்தி கட்டி நல்ல மண் நிரப்புவது சுலபம். செங்குன்றம் பக்கத்திலிருந்து லோடு கணக்கில் வரும் செம்மண்ணும் வெறும் மண்தான், அதில் புழுவுக்குச் சாப்பாடு இல்லை. மூன்று சட்டி செம்மண்ணுக்கு இரண்டு சட்டி மக்கிய தொழுவுரம் என்ற கணக்கில் தொடங்கலாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். புழுவுக்குப் பல் இல்லை. மணல் துணுக்குகளை விழுங்கி, அரைவைப் பையில் போட்டு அரைத்துத்தான் தின்னும். அதனால் பாதி மக்கி மெத்தென்று ஆன இலையைத்தான் முதலில் தேடும். தூங்குமூஞ்சி, பூவரசு, புங்கை இலைகள் சீக்கிரம் மக்கும். மாவிலையும் வாதாம் இலையும் தோல் மாதிரி, மாதக்கணக்கில் கிடக்கும், நறுக்கிப் போட வேண்டும். வாழைத்தண்டை வில்லையாக வெட்டிப் பாத்தியில் கவிழ்த்து வைத்தால் நாலு நாளில் அடியில் புழு கூடியிருப்பதைப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு மக்கிய சாணம் ஐந்து கிலோ பரப்பி, அதன்மேல் மூன்று விரல்கடை உயரத்துக்குச் சருகு. செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட வேண்டும், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். சருகு உலராமல் தெளித்துக்கொண்டே இருந்தால் 45 நாளில் அடிச்சருகு கறுத்துவிடும்.

பச்சைச் சாணத்தை அப்படியே போடாதீர்கள். குவியலுக்குள் கையை விட்டால் சுடும். அந்தச் சூடு தணிய நிழலில் இருபது நாளாவது புரட்டிப் போட வேண்டும். வியாசர்பாடி, மாதவரம் பக்கத்து மாட்டுத் தொழுவங்களில் சாணம் வாங்குகிறவர்கள், மாட்டுக்கு அண்மையில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அந்த மருந்து சாணத்தோடும் வெளியே வரும். அப்படியென்றால் சில வாரம் தள்ளி வாங்குங்கள்.

கிளறுவது பற்றிப் பெரியவர்களோடு எங்களுக்குச் சண்டையே உண்டு. ஒவ்வொரு போகத்துக்கும் மண்வெட்டியால் ஓரடி புரட்டிப் போட்டால்தான் மண் "மூச்சு விடும்" என்பார்கள். வளைகள் வழியாக மண் ஏற்கெனவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. மண்வெட்டி அதை வெட்டி அடைத்துவிடுகிறது. களைக்கொட்டால் இரண்டு அங்குலம் கீறினால் போதும். நம்பாதவர்கள் ஆறு அங்குல பி.வி.சி. குழாயில் அரையடித் துண்டு வெட்டி, மண்ணில் பாதி இறக்கி, 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அது ஓர் அங்குல மழைக்குச் சமம். வடிந்ததும் இரண்டாவது முறை அதே அளவு ஊற்றி நேரத்தைக் குறியுங்கள். கொடுங்கையூர், மாதவரம் களிப்பாங்கான மண்ணில் வளையுள்ள இடத்துக்கும் மிதித்த இடத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். திருவொற்றியூர் மணலில் இந்தச் சோதனை வேண்டாம், அங்கே தண்ணீர் எப்படியும் நொடியில் இறங்கிவிடும்.

மருந்துகளில் இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வேரழுகலுக்கு ஊற்றச் சொல்லும் கார்பன்டசிம், மண்புழுவுக்கு மிகக் கொடிய நஞ்சு. கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையும் அப்படியே. தாமிரம் கலந்த பூசணக் கொல்லிகள் உடனே கொல்லாவிட்டாலும், மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். வீட்டுத் தோட்டத்தில் வேரழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் தேங்கிய தண்ணீர், அதை வடித்துவிட்டால் மருந்துக்கே வேலை இல்லை.

நர்சரிச் செடியோடு ஒரு வேண்டாத விருந்தாளியும் வருகிறது. பசை பூசியது போல வழவழப்பாக, தலை மட்டும் விசிறிபோல் விரிந்து, முதுகில் கருங்கோடு ஓடும் தட்டைப்புழு. இது மண்புழுவைப் பிடித்துத் தின்னும். மண்புழுவை வெட்டினால் இரண்டாகும் என்று பள்ளியில் கேட்டிருப்போம், அது பொய். இந்தத் தட்டைப்புழுவை வெட்டினால்தான் துண்டுகள் தனித்தனியாகப் பிழைக்கும். நசுக்காமல், வெறுங்கையால் தொடாமல், குச்சியால் எடுத்து உப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போடுங்கள். உப்பு அந்த டப்பாவோடு நிற்கட்டும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு ஒரே வரி. கத்திரி வெயிலில் கறுப்புப் பைக்குள் மண் 40 டிகிரியைத் தாண்டும், எந்தப் புழுவும் அதில் தாங்காது. ஐந்தில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தாலே போதுமானது. நல்ல உரம் புது மழை மண் வாசனை அடிக்கும், ரவை போல உதிரும். மூக்கைத் துளைக்கும் நெடி இருந்தால் இன்னும் மக்கவில்லை.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே இதுதான். "புழு இருக்கிறது, அதனால் மண் சுத்தம்" என்று அந்தக் குறிப்பு முடிந்திருந்தது. தஞ்சாவூரில் அது சரியாக இருக்கலாம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டு ஓரத்திலும் மணலித் தொழிற்சாலைப் பக்கத்திலும் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் எண்ணூர்ச் சாம்பல் குளத்தின் காற்று வீசும் திசையிலும் அப்படிச் சொல்லக் கூடாது. ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் உள்ள மண்ணில்கூட மண்புழு உயிரோடு இருக்கும், அவற்றைத் தன் உடம்பில் சேர்த்தும் வைக்கும். அந்தப் புழுவைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டை நம் வீட்டுக்குத்தான் வருகிறது. குப்பைமேட்டை பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுப்பது) செய்து சலித்தெடுக்கும் கறுப்பு மண் பார்வைக்கு உரம் போலவே இருக்கும், காய்கறிக்குப் போடாதீர்கள். சாம்பலையும் "மண்ணுக்குச் சத்து" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது கொல்லையில் படலம் படிந்த வீடுகள், மேல்மண்ணை மாற்றாமல் அங்கே கீரை விதைக்க வேண்டாம். சந்தேகமான மண்ணில் கீரை, முள்ளங்கி போன்றவை வேண்டவே வேண்டாம். வெண்டை, கத்தரி, புடலை போன்ற காய்களுக்கு நஞ்சு ஏறுவது குறைவு. அதையும் ஓரடி உயரப் பாத்தியில், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் போடுவது நல்லது.

இதைக் கண்டுபிடிக்க மண் பரிசோதனை செய்யலாமே என்றால், அரசு தரும் மண்வள அட்டையில் 12 அளவுகள் வருகின்றன. தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. ஈயமும் காட்மியமும் அதில் இல்லை. வயலுக்கு இது போதும். தொழிற்சாலைக்கும் குப்பைமேட்டுக்கும் நடுவில் கீரை விதைக்கிறவர்களுக்கு எப்படிப் போதும்? திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் வீட்டுத் தோட்ட மண்ணுக்கு மட்டுமாவது இந்த இரண்டு பரிசோதனைகளையும் குறைந்த கட்டணத்தில் சேர்த்துத் தர வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகள் முன்வர வேண்டும். மாதிரி எடுப்பது எங்கள் பொறுப்பு. பாத்தியில் ஏழெட்டு இடத்தில் அரையடி ஆழத்துக்கு, துருப்பிடிக்காத கரண்டியாலோ மரக்குச்சியாலோ எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ துணிப்பையில் கட்டி, தெருப் பெயரும் எடுத்த தேதியும் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கத் தயாராக இருக்கிறோம். எந்த அலுவலகத்தில், எந்த நாளில் என்று மட்டும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வீட்டுக் காய்கறித் தோட்டக்காரர்கள் சிலர்,
கொடுங்கையூர், மணலி, திருவொற்றியூர்.